கரைக்குக் கிட்டே இருந்ததுதான் குற்றம்

ரிச்சர்ட் கர்டிஸின் 'த போட் தட் ராக்ட்' படம் 2009இல் வந்தது. இன்றும் அந்தப் பேச்சு வந்தால் பாதிப் பேர் "செம ஜாலியான படம்ல?" என்பார்கள். ஜாலிதான். மறுக்கவில்லை. பிலிப் சீமோர் ஹாஃப்மன் மைக்கைப் பிடித்துப் பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பில் நைஹி கோட்டு சூட்டோடு கப்பல்தளத்தில் நடப்பதே ஒரு தனி அழகு. ஆனால் அந்தப் படத்தை நம்பி, லைசென்ஸ் இல்லாத வானொலி என்றால் இதுதான் என்று நினைத்துக்கொள்கிறோமே, அங்கேதான் எனக்குச் சிக்கல்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆண்டு 1966. பிபிசி பாப் இசையை அளந்து அளந்துதான் போடும். நடுக்கடலில் ஒரு துருப்பிடித்த கப்பல், அதில் சில டிஜேக்கள், நாள் முழுக்க ராக் இசை. கரையில் சிரிக்கவே தெரியாத ஓர் அமைச்சர் (கென்னத் பிரானா). இந்த வானொலியை எப்படியாவது மூட அவர் சட்டம் தேடுகிறார். கடைசியில் கப்பல் மூழ்கும்போது நேயர்கள் சின்னச் சின்னப் படகுகளில் வந்து எல்லாரையும் காப்பாற்றுகிறார்கள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவர்கள் ஒரு பக்கம், ஆடிப் பாடுகிறவர்கள் ஒரு பக்கம். நாம் எந்தப் பக்கம் என்று யோசிக்கவே வேண்டாம். படம் நமக்கும் சேர்த்து முடிவு பண்ணிவிடுகிறது.

படத்தில் பல விஷயங்கள் இடிக்கின்றன. பெண்கள் எல்லாம் படகில் வந்து இறங்கும் சரக்கு மாதிரி. இருட்டில் ஆளை மாற்றி ஒரு பெண்ணை ஏமாற்றப் பார்க்கும் காட்சி நகைச்சுவையாக வைக்கப்பட்டிருக்கிறது. இதையெல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். நான் பேச வந்தது வேறு. இந்தப் படம் சுதந்திரத்தை ஒரு சுபாவமாகக் காட்டுகிறது. கலகலப்பானவர்கள் சுதந்திரமானவர்கள், கடுகடுப்பானவர்கள் அதைப் பறிப்பவர்கள். வரலாற்றில் அந்த விவகாரம் சுபாவத்தைப் பொறுத்து நடக்கவில்லை. தூரத்தைப் பொறுத்து நடந்தது. கரையிலிருந்து எத்தனை மைல் என்பதுதான் கேள்வி. அத்தனை மைல் தள்ளிப் போகக் கையில் காசு இருக்கிறதா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

அன்றைய சட்டப்படி பிரிட்டனின் கடல் எல்லை 3 மைல். அதைத் தாண்டி, வேறு நாட்டுக் கொடியோடு நங்கூரம் போட்ட கப்பலில் பிரிட்டிஷ் லைசென்ஸ் சட்டத்துக்கு வேலை இல்லை. 1964 ஈஸ்டரில் ரோனன் ஓ'ராஹிலி ஆரம்பித்த ரேடியோ கரோலைனின் முதல் கப்பல் ஒரு பழைய டேனிஷ் படகுச்சேவைக் கப்பல். அதில் பறந்தது பனாமா கொடி. ரேடியோ லண்டனுக்குப் பின்னால் டெக்சாஸ் முதலாளிகளின் பணம். கப்பல், அமெரிக்கக் கடற்படையின் பழைய கண்ணிவெடி அகற்றும் கப்பல். டிரான்ஸ்மிட்டர் 50 கிலோவாட். நம்மை 'கொள்ளையர்' என்று கிளுகிளுப்பூட்டும் இந்த நிலையங்கள், 1967 ஆகஸ்ட் வரைக்கும் நேரடியாக எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. சட்டத்தில் இருந்த ஓட்டைக்குள் நங்கூரம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்த ஓட்டைக்குள் போக ஒரு கப்பல் வேண்டும், மாலுமிகள் வேண்டும், எரிபொருள் வேண்டும், மாதாமாதம் வாரி இறைக்க யாராவது வேண்டும்.

இதெல்லாம் இல்லாதவன் என்ன செய்வான்? அங்கேதான் ரேடியோ எசெக்ஸ் வருகிறது. படத்தில் இதற்கு ஒரு நிமிஷம்கூட இடம் இல்லை.

இரண்டாம் உலகப் போரின்போது தேம்ஸ் கழிமுகத்திலும் அதன் பக்கத்துக் கடலிலும் ஜெர்மன் விமானங்களைச் சுட, கை மான்செல் என்ற பொறியாளரின் வடிவமைப்பில் கோட்டைகள் கட்டினார்கள். அவற்றில் ஒன்று நாக் ஜான். 1942இல் வைத்தது. கடலுக்கு நடுவே இரண்டு கான்கிரீட் குழாய்கள், மேலே ஓர் இரும்புத் தளம். பார்த்தால் தண்ணீரில் யாரோ மேஜையை மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். போர் முடிந்ததும் ராணுவம் விட்டுவிட்டுப் போய்விட்டது. ராய் பேட்ஸ் என்ற முன்னாள் ராணுவ மேஜர், மீன்பிடித் தொழில் செய்தவர், 1965இல் அங்கே குடியேறினார். அதுவும் சும்மா இல்லை. ஏற்கெனவே அங்கிருந்த ரேடியோ சிட்டியின் ஆட்களைத் துரத்திவிட்டுத்தான். அமெரிக்க விமானப்படை கழித்துப்போட்ட ஒரு வழிகாட்டிக் கருவியை டிரான்ஸ்மிட்டராக வைத்து, 222 மீட்டரில், மத்திய அலையில் ஒலிபரப்பத் தொடங்கினார். நிலையத்தின் பெயரிலேயே ஊர் இருக்கிறது, கவனியுங்கள். மற்றவர்கள் லண்டன் என்றார்கள், பிரிட்டன் என்றார்கள். இவர் பேச நினைத்தது தன் மாவட்டத்தோடு. எசெக்ஸ் மக்களுக்கு இரவு பகலாக 24 மணி நேரமும் ஓர் உள்ளூர் நிலையம். பிபிசிக்கு அன்று உள்ளூர் வானொலியே கிடையாது. முதல் நிலையம் லெஸ்டரில், 1967 நவம்பரில்தான் வந்தது.

மத்திய அலையின் குணத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பகலில் அந்த அலை தரையை ஒட்டி ஊர்ந்து போகும். தரையைவிட உப்புத்தண்ணீர் அதை நன்றாகக் கடத்தும். அதனால் கடல்மேல் இருக்கும் சின்ன டிரான்ஸ்மிட்டர்கூடக் கரையோர ஊர்களைத் தொட்டுவிடும். ராத்திரியானால் கதை மாறும். வானின் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி, ஐரோப்பாவின் பெரிய நிலையங்கள் எல்லாம் அதே இடத்தில் வந்து இறங்கும். சின்ன நிலையத்தின் குரல் அந்தச் சந்தை இரைச்சலில் அமுங்கிப் போகும். கர்டிஸின் படத்தில் தலையணைக்கு அடியில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு ஒரு சிறுவன் கேட்கிறான். நமக்குக் கேட்பதோ தியேட்டர் தரத்தில் முழுப் பாட்டு. ஏ.எம். குரல் அப்படியா இருக்கும்? மெலிசாக, கரகரவென்று, நடுவில் வேற்று மொழி ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அந்தக் குரலைப் பிடித்துவைக்க விரலால் திருகைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்பதே ஓர் உழைப்பு. படம் அந்த உழைப்பை அழித்துவிட்டு வெறும் கொண்டாட்டத்தை வைத்துக்கொள்கிறது. இசைத் தேர்வு அவ்வளவு நன்றாக இருந்தும், வானொலி கேட்ட உணர்வே எனக்கு வராததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, ரேடியோ எசெக்ஸ் என்ன ஆனது? மாட்டிக்கொண்டது. கப்பலுக்கு இல்லாத பிரச்சினை கோட்டைக்கு உண்டு: அதனால் நகர முடியாது. கடல் எல்லையை எங்கிருந்து அளப்பது என்பதற்கு 1964இல் ஒரு புதிய ஆணை வந்திருந்தது. கரைக்கு அருகில், கடல் வற்றும்போது தலைகாட்டும் மணல்திட்டும் நிலம்தான். அதிலிருந்தும் எல்லையை அளக்கலாம். ரெட் சாண்ட்ஸ் கோட்டையிலிருந்து ஒலிபரப்பிய ரேடியோ 390இன் வழக்கு இந்த மணல்மேல்தான் நின்றது. ஒரு திட்டு தண்ணீர் வற்றும்போது நிஜமாகவே வெளியே தெரிகிறதா என்று இரண்டு தரப்பும் அளந்து வாதாடின. அந்த நிலையத்தை நடத்திய டெட் ஆல்பியூரி பிற்பாடு பெயர்பெற்ற உளவு நாவலாசிரியர் ஆனார். ஆச்சரியம் இல்லை. ஒரு நாளில் இரண்டு முறை காணாமல் போகிற ஒரு நிலத்தை வைத்து ஒருவனைக் குற்றவாளி என்று தீர்மானிப்பதைக் கண்ணால் பார்த்தவர் நாவல் எழுதாமல் என்ன செய்வார்?

பேட்ஸ் வழக்கு 1966 நவம்பரில் முடிந்தது. கோட்டை கடல் எல்லைக்குள்தான் இருக்கிறது, லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்பியது 1949ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி குற்றம் என்று தீர்ப்பு. அபராதம் 100 பவுண்டு. அதற்கு முன்பே நிலையத்தின் பெயரையும் மாற்றிப் பார்த்தார். கிறிஸ்துமஸ் அன்று எல்லாம் அடங்கிவிட்டது. பெரிய கப்பல்கள் அப்போதும் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் இருந்தன. காசு இருந்தவன் தள்ளிப் போய் நின்னுக்கிட்டான், இல்லாதவன் கரையோரமா நின்னு மாட்டிக்கிட்டான். தன் ஊருக்கு ரொம்பக் கிட்டே இருந்ததே குற்றமாகிவிட்டது.

இதைச் சொன்னதும் பேட்ஸை நான் தியாகியாக்குகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அரசுத் தரப்பிலும் நியாயம் உண்டு. படம் அதை ஒரு கேலிச்சித்திரமாக்கி ஒதுக்கியதும் ஒரு மோசடிதான். அன்று ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி. 1966 ஜூலை வரை வானொலிக்குப் பொறுப்பான அஞ்சல்துறை அமைச்சர் டோனி பென், பின்னாளில் பிரிட்டிஷ் இடதுசாரிகளின் அடையாளமாகவே ஆனவர். அலைவரிசை அளவானது, 1948இல் கோபன்ஹேகனில் நாடுகள் கூடிப் பங்கு போட்டது. ஒருவன் இஷ்டத்துக்கு எடுத்தால் இன்னொரு நாட்டுக்காரனின் ரேடியோ கெடும். விளம்பரத்தில் காசு பார்க்கும் நிலையங்கள் பல, பாட்டுக்காரர்களுக்குச் சேர வேண்டியதைச் சரியாகக் கொடுக்கவில்லை. பிபிசி குறைவாக இசைத்தட்டுப் போட்டதற்கும் வெறும் சிடுசிடுப்பு காரணமில்லை. இசைக்கலைஞர் சங்கத்தோடும் ரெக்கார்டு கம்பெனிகளோடும் போட்ட ஒப்பந்தம் அது. தட்டு சுழன்றால் வாசிப்பவனுக்கு வேலை போகும் என்ற பயம். அதுவும் ஒரு தொழிலாளியின் குரல்தானே?

இன்னொரு பக்கம் ரத்தமும் சிந்தியது. 1966 ஜூனில் ரேடியோ சிட்டி இருந்த ஷிவரிங் சாண்ட்ஸ் கோட்டையை ஒரு கும்பல் பிடித்துக்கொண்டது. மறுநாள், ஜூன் 21 அன்று, நிலையத்தின் உரிமையாளர் ரெக் கால்வெர்ட், போட்டியாளர் ஆலிவர் ஸ்மெட்லியின் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். தற்காப்பு என்று ஸ்மெட்லி விடுதலையானார். இதற்குப் பிறகுதான் கடல்சார் ஒலிபரப்புக் குற்றச் சட்டம் வேகம் பிடித்தது. 1966இல் நடக்கும் படம், அந்த ஆண்டின் மிகப் பெரிய செய்தியைத் தொடவே இல்லை. தொட்டிருந்தால் 'நல்லவங்க எல்லாம் கடல்ல, கெட்டவங்க எல்லாம் கரையில' என்ற கணக்கு உடைந்திருக்கும். அந்தச் சட்டம் அமலுக்கு வரும் நாளைக்கூடப் படம் 1967 புத்தாண்டாக மாற்றிக்கொள்கிறது. நிஜத்தில் அது 1967 ஆகஸ்ட் 14 நள்ளிரவு. ஏழு வாரத்துக்குள், செப்டம்பர் 30 அன்று, பிபிசி ரேடியோ 1 தொடங்கியது. முதலில் பேசியவர் டோனி பிளாக்பர்ன், கப்பலிலிருந்து வந்தவர். குரலை எடுத்துக்கொண்டார்கள், கப்பலை மூடிவிட்டார்கள்.

பேட்ஸ் வேறு வழியில் போனார். எல்லைக்கு வெளியே, சஃபோக் கரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ரஃப்ஸ் கோட்டையைப் பிடித்தார். வானொலிக் கருவிகள் கையில் இருந்தும் அங்கிருந்து ஒலிபரப்பவே இல்லை. 1967 செப்டம்பர் 2, மனைவியின் பிறந்தநாளில், அதைத் தனி நாடு என்று அறிவித்தார். சீலாண்ட். தன்னை இளவரசர் என்றும் சொல்லிக்கொண்டார். உலகத்துக்கு இந்தக் கதைதான் தெரியும். இதைப் படித்துவிட்டுச் சிரிக்கவும் செய்கிறோம். எனக்கு இது சோகமான கதை. ஊரோடு பேச இடம் கேட்டவனுக்கு அது கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு நாடே கிடைத்தது, ஆனால் அதில் பேச்சு இல்லை. உரிமை என்று ஆரம்பித்தது உடைமையில் போய் முடிந்தது.

2004இல் பிபிசியின் எசெக்ஸ் நிலையம், கரோலைனின் 40ஆம் ஆண்டை ஒட்டி, ஹார்விச் துறைமுகத்தில் ஒரு பழைய விளக்குக் கப்பலில் ஏறிக் 'கொள்ளையர் வானொலி' நடத்திக் காட்டியது. 2017இல் ரேடியோ கரோலைனுக்கே அரசு லைசென்ஸ் கிடைத்தது: மத்திய அலை, 648 கிலோஹெர்ட்ஸ், எசெக்ஸ் மற்றும் சஃபோக் மாவட்டங்களுக்கு. ஒரு காலத்தில் பிபிசி உலக சேவை பயன்படுத்திய அலைவரிசை. 1965இல் பேட்ஸ் கேட்டதும் கிட்டத்தட்ட இதையேதான். கொடுத்தார்கள், ஏ.எம். கேட்கும் பழக்கமே வற்றிப்போன பிறகு, பெரிய நிறுவனங்கள் அந்த அலைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகு.

கர்டிஸின் படமும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆபத்து போன பிறகு, பணமும் துப்பாக்கியும் மணல்திட்டும் இல்லாத ஒரு கலகத்தை நம் கையில் கொடுக்கிறது. பிடித்திருந்தால் பாருங்கள், பாட்டுக்காகவாவது. ஆனால் கடைசிக் காட்சியில் அத்தனை படகுகள் வரும்போது ஒன்றை மட்டும் யோசியுங்கள். அந்தப் படகுகள் எந்த ஊரிலிருந்து வருகின்றன? அந்த ஊரின் பெயரைப் படத்தில் அந்த வானொலி ஒரு தடவையாவது சொன்னதா?