போலியும் பொலியும்

பொருள் தேடிப் புறப்படுதல் தமிழ்ப் பாட்டிற்குப் புதிய செய்தியன்று. பொருள்வயிற் பிரிவைச் சங்கச் சான்றோர் பாலையுள் வைத்துப் பாடினர். அப்பிரிவிலே தலைவனுக்குத் திரும்பி வர ஓர் இல்லம் உண்டு. திரும்பும் நினைவே காட்டாது புகழை நாடி அலைவோன் ஒருவனின் பாட்டு ‘ரைன்ஸ்டோன் கௌபாய்’ ஆகும். லாரி வைஸ் அதனை இயற்றி 1974இல் தாமே பாடினார். மறு ஆண்டு கிளென் கம்பெல் பாட, அமெரிக்காவின் ‘கண்ட்ரி’ எனப்படும் நாட்டுப்புற இசைப் பாடல் வரிசையிலும் பொதுப் பாடல் வரிசையிலும் அது முதலிடம் பெற்றது.

போலி மணி பதித்த உடையணிந்த மாட்டிடையன் என்பதே தலைப்பின் பொருள். பாடுவோன் நியூயோர்க்கின் பிராட்வே வீதியில் நெடுங்காலம் திரிந்தவன். காலணிக்குள் ஒரு டொலரை மறைத்து வைத்திருப்பவன். முன்பின் அறியாதார் எழுதும் கடிதங்களைக் கனவு காண்பவன். விட்டுக்கொடுத்தல் பல நேரும் என்பதையும், மேனியில் ஒளிரப்போவது போலி மணியே என்பதையும் அறிந்தே வேண்டுகின்றான். அந்த அறிவே பாட்டின் உயிர்.

இதனோடு மட்டக்களப்பின் பொலிப் பாட்டை ஒப்பு நோக்குதல் தகும். வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களில், எருமைகளைக் கொண்டு சூடு மிதிக்கையில் களவெட்டியிலே அது பாடப்பெற்றது. அங்கும் வேண்டப்படுவது செல்வமே. ஆயின் அச்செல்வம் தொலைவிற் சென்று தேடப்படுவதன்று. பொலிக என்று களத்திற்கு அழைக்கப்படுவது. அன்றாடச் சொற்கள் சிலவற்றை விலக்கிக் களத்திற்கெனத் தனிச் சொற்களை வழங்கியமை, அவ்வழைப்பை உழவர் எத்துணை அச்சத்தோடு போற்றினர் என்பதைப் புலப்படுத்தும். பாட்டை யாத்தவன் பெயரை எவரும் அறியார்.

இதனால் பொலிப் பாட்டே உயர்ந்ததெனத் துணிதல் எளிது, நேர்மையன்று. முல்லைக்காரன் பாடி வளர்த்த குவியல் போடியாருடையது, அவனுக்குரியது கூலிநெல்லே. இருவரும் தம் கைக்கு எட்டாத செல்வத்தையே பாடினர். வேற்றுமை பாடுவோனின் நிலையில் உளது. ஒருவன் கூட்டத்தினின்றும் தன்னைப் பிரித்து உயர்த்த விழைகின்றான். மற்றவன் பலரோடு கூடிய தொழிலில் நின்று பாடுகின்றான். எருமையின் நடையே அவன் தாளம்.

அந்த எருமையை இயந்திரங்கள் களத்தினின்றும் அகற்றிவிட்டன. பொலிப் பாட்டு இன்று விழா மேடைகளிற் பாடப்படுகின்றது. அங்கே நெல் இல்லை, கைதட்டல் உண்டு. பாட்டைப் பேணுதல் கடனே. எனினும் களத்தின் தொழிலையும் சொற்களையும் கூலிக் கணக்கையும் உடன் பதிவு செய்யாது மெட்டை மட்டும் பேணின், பொலி போலியாகும். கம்பெல் பாடிய மாட்டிடையன் தன் மணி போலி என்பதை அறிந்திருந்தான். மேடையைக் காண்போர் அதனையும் அறியார்.