புள்ளி இல்லாமல் ஓர் ஆட்டம்

ராணியின் தலையில் ஆள்காட்டி விரலை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். எதற்குக் காத்திருக்கிறேன் என்பது எனக்கே இரண்டு விநாடி கழித்துத்தான் உறைத்தது. பச்சைப் புள்ளிகள் வரவில்லை. வராது. அது பிளாஸ்டிக் ராணி. கீழே சுருட்டி வைக்கிற ரெக்ஸின் விரிப்பு. எதிரே மாடிவீட்டுப் பையன், வயது ஒன்பது.

“தொட்டுட்டீங்க அங்கிள். அதைத்தான் நகர்த்தணும்.”

நகர்த்தினேன். போன இடத்தில் அவன் குதிரை காத்திருந்தது.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆன இரவு, தெருவே செஸ் பேசியது. குதிரை எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாத 47 வயது ஆள் நான் ஒருவன்தான் என்று தோன்றியது. அந்த வெட்கம் ஆறாமலே கிடந்து, ஒருவழியாக இப்போது ஏழு வாரமாக லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தோடு குடித்தனம். செயலியும் உண்டு, நான் பெரும்பாலும் போன் பிரவுசரில்தான் ஆடுகிறேன்.

லிசெஸ் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2010-இல் திபோ துப்ளெசி என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. விளம்பரம் கிடையாது, சந்தா கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது, நிரலும் திறந்தே கிடக்கிறது. இலவசம் என்றால் பல்லைப் பிடித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. பார்த்தாயிற்று. பல் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

இதற்கு முன் வேறொரு செயலியில் பத்து நாள் இருந்தேன். பெயர் வேண்டாம். சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் கார்ட்டூன் வாத்தியார் கைதட்டுவார். நாலாவது புதிரில் கதவைச் சாத்திவிட்டுச் சந்தா கேட்பார். இரவு பதினொரு மணிக்கு, ‘உங்கள் ஆறு நாள் தொடர் அறுந்துவிடப்போகிறது’ என்று செய்தி. வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறி எழுந்தேன். மறுநாள் காலை அதை நீக்கியதுதான் என் முதல் நல்ல நகர்த்தல்.

லிசெஸ்ஸின் பாடப் பகுதி அப்படி இல்லை. பலகையில் நட்சத்திரங்களை இறைத்துவிட்டு, ஒரு காயை மட்டும் கையில் தருகிறது. எடுத்துக்கொண்டு வா, அவ்வளவுதான். முதலில் யானை, பையன் அதை ரூக் என்பான். குதிரை வந்தபோது பக்கத்துக் கட்டத்தில் இருக்கிற நட்சத்திரத்துக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. அந்த ஒரு பாடத்தில் அரை மணி நேரம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின். அதற்கு எட்டு நிலைகள். முதல் நிலையில் அது காய்களைத் தானம் செய்யும். அதை ஜெயித்துவிட்டு ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

அந்தத் திமிரில்தான் மாடிவீட்டுப் பையனைக் கூப்பிட்டது.

முதல் அவமானம் காய் அடுக்கும்போதே. ஏழு வாரமாகப் பலகை தானே அடுக்கிக்கொண்டு வந்து நின்றது. பலகை அடுக்க ஒரு பாடம் இருக்கிறது. சின்னப்பிள்ளை விஷயம் என்று தாண்டிப் போயிருந்தேன். பையன் எதுவும் சொல்லாமல் விரிப்பைத் திருப்பிப் போட்டான். வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் வரவேண்டுமாம். ராணி தன் நிறத்துக் கட்டத்தில் நிற்பாளாம்.

அடுத்து ராணி போன கதை. அதற்கப்புறம் இன்னொன்று: ஓரத்துச் சிப்பாயை நிதானமாகத் தள்ளினேன். “இல்லீகல் அங்கிள்” என்றான். எனக்கு செக் இருந்திருக்கிறது. சொல்லக்கூடாதா என்று கேட்டேன். சொல்லணும்னு ரூல் இல்லை என்றான். உண்மைதான், விதியில் அப்படி இல்லை. திரையில் ராஜாவின் கட்டம் சிவந்துவிடும், நான் பார்த்துக்கொள்வேன். ரெக்ஸின் சிவக்கவில்லை.

பெரும்பாலான செஸ் செயலிகளில் இந்தப் புள்ளிகள் உண்டு. காயைத் தொட்டால் அது போகக்கூடிய கட்டங்களில் எல்லாம் புள்ளி பூக்கும். புதியவனுக்கு உபகாரம் என்றுதான் வைத்திருக்கிறார்கள், முதல் வாரம் உபகாரமும்தான். ஆனால் பிஷப்பின் குறுக்குக்கோட்டைக் கண்ணால் ஓட்டிப் பார்க்கிற வேலையை நான் ஒருமுறைகூடச் செய்யவில்லை என்பது ஏழாவது வாரம்தான் தெரிகிறது. தொட்டுப் பார்ப்பேன், பிடிக்காவிட்டால் இன்னொன்றைத் தொடுவேன். திரையில் அதற்குத் தண்டனை இல்லை. நேர்ப்பலகையில் நகர்த்தும் எண்ணத்தோடு தொட்டால் நகர்த்தியாகவேண்டும். காயைச் சரிசெய்வதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் தொடலாம். முறையான போட்டியில் விதி மீறி நகர்த்தினால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதல், இரண்டாம் முறை ஆட்டமே போச்சு. போனில் காய் சத்தமில்லாமல் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது, நாமும் தப்பு செய்ததையே மறந்துவிடுகிறோம்.

தவிர, புள்ளி எங்கே போகலாம் என்றுதான் சொல்லும், போகவேண்டுமா என்று சொல்லாது. அந்த சிங்கப்பூர் போட்டியின் கடைசி ஆட்டத்தில், 55-ஆவது நகர்த்தலில் குகேஷின் எதிராளி டிங் லிரென் யானையைக் கொண்டுபோய் எஃப்2 கட்டத்தில் வைத்தார். விதிப்படி சரியான கட்டம். புள்ளி அங்கேயும் பச்சையாகத்தான் இருந்திருக்கும். உலகப் பட்டம் கைமாறியது அந்த ஒரு கட்டத்தில்.

நல்லவேளை, லிசெஸ்ஸின் அமைப்புகளில் காட்சிப் பகுதிக்குப் போனால் இரண்டு சுவிட்சுகள் இருக்கின்றன. ஒன்று புள்ளிகளுக்கு. மற்றது கடைசி நகர்த்தலையும் செக்கையும் நிறம் பூசிக் காட்டுவதற்கு. இரண்டையும் அணைத்தேன். முதல் இரண்டு நாள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. எதிராளி எதை நகர்த்தினான் என்றே தெரியவில்லை; பலகை முழுவதையும் மறுபடி மறுபடி துழாவவேண்டியிருந்தது. புதிர்களில் என் மதிப்பெண் 1,240-இலிருந்து 1,080-க்கு இறங்கியது. நாலாம் நாள், மூலையில் ஒளிந்திருந்த ஒரு பிஷப் நீளக் குறுக்காக என் யானையைக் குறிவைத்திருப்பதைத் தொடாமலே பார்த்தேன். எழுந்து போய் ஒரு காபி போட்டுக் குடித்தேன்.

காய் தானே திரும்பி வருகிற பழக்கத்துக்கு மட்டும் அமைப்புகளில் மருந்தில்லை. அதற்கு ரெக்ஸின் விரிப்பும், விட்டுக்கொடுக்காத ஒரு பையனும்தான் வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தயங்காமல் லிசெஸ்ஸில் தொடங்குங்கள். பலகை அடுக்கும் பாடத்தைத் தாண்டாதீர்கள். புள்ளிகளைப் பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள், பதினோராம் நாள் அணைத்துவிடுங்கள். சுருட்டி வைக்கிற பலகை ஒன்றும் வாங்கிவிடுங்கள். எனக்கு 350 ரூபாய் ஆனது. போன ஞாயிறு அதில் பையனிடம் 31 நகர்த்தலில் தோற்றேன். ராணி கடைசிவரை பலகையில் இருந்தாள்.