குடம் தூக்காத நகரம்

சென்னையைப் பற்றி இப்போது வரும் நினைவுக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான்: மெரினா, மயிலாப்பூர் கோபுரம், மூடிப்போன தியேட்டர், மழைநாள் டீ. படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த நகரத்தில் யாரும் குடம் தூக்குவதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த அசோகமித்திரனின் 'தண்ணீர்' இதற்கு நேரெதிர். குழாய் வறண்ட தெரு, அடிபம்பு, காத்திருப்பு. சினிமா வாய்ப்பைக் காட்டி ஏமாற்றப்படும் ஜமுனா, அவள் தங்கை சாயா. ஜமுனா நொறுங்கிக் கிடக்கும்போது டீச்சரம்மா உபதேசம் செய்வதில்லை. தன் வாழ்க்கையைச் சொல்கிறாள், அவ்வளவுதான். மறுநாளும் தண்ணீருக்கு நின்றாக வேண்டும். அந்த வரிசையில் இரக்கமும் வரும், எரிச்சலும் வரும். நாவலின் பலம் இதுதான்: பற்றாக்குறை மனிதர்களை நல்லவர்களாக்குவதில்லை, ஒருவரையொருவர் பார்க்க வைக்கிறது.

2019 ஜூலையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அபார்ட்மெண்ட்வாசிகளான நம்மில் பலர் போனிலேயே லாரிக்குச் சொல்லிவிட்டோம். வரிசை கண்ணிலிருந்து மறைந்தது. கூடவே பக்கத்து வீட்டுக்காரரும். நம் கட்டுரைகளில் ஆள் இல்லாத காட்சிகள் மட்டும் மிஞ்சுவதற்கு அதுவும் ஒரு காரணம். எதை ரசித்தோம் என்று எழுதியது போதும். எதற்காக, யாரோடு காத்திருந்தோம்? அதை எழுதலாமே.