ஏமாற்றியது யானை அல்ல, எம்ப்டி ரெய்டு

கபடி ரசிகர்களுக்கு எம்ப்டி ரெய்டின் விஷமம் தெரியும். ரெய்டர் வருவார், பாடுவார், யாரையும் தொடாமல் திரும்பிப் போவார். ஸ்கோர் ஏறாது, கூட்டம் கொட்டாவி விடும். ஆனால் கார்னர் எப்போது காலுக்குப் பாய்கிறார், கவர் எப்போது அசந்து நிற்கிறார் என்ற கணக்கு அவர் தலைக்குள் ஏறியிருக்கும். கி.மு. 326-இல் ஜீலம் கரையில் அலெக்சாந்தர் ஆடியது இந்த ஆட்டம்தான்.

அங்கே அவரை எதிர்த்த போரஸ் யானைகளை நம்பிக் கெட்டார் என்பது காலங்காலமாக நாம் கேட்டுவரும் தீர்ப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜீலத்துக்கும் செனாபுக்கும் நடுவே ஆண்ட மன்னர் அவர். கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் கணக்கில் அவரிடம் 200 யானை, 300 தேர், 4,000 குதிரை, 30,000 காலாள். மலையில் பனி உருகி, மழையும் பிடித்துக்கொண்டதால் ஆற்றில் வெள்ளம். எதிர்க்கரையில் யானையைக் கண்டால் குதிரை தெப்பத்தில் நிற்காது, மிரண்டு தண்ணீரில் குதித்துவிடும். குதிரைப்படை கரையேறாவிட்டால் அலெக்சாந்தருக்கு ஆட்டமே இல்லை. அதனால்தான் யானைகள் நின்ற துறையை விட்டுவிட்டுச் சுமார் 27 கிலோமீட்டர் மேலே போய்க் கடந்தார். தற்காப்பில் யானைகளுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

கோட்டைவிட்டது வேறு இடத்தில். ராத்திரியானால் அலெக்சாந்தரின் மாசிடோனியக் குதிரைப்படை கரை நெடுக அங்குமிங்கும் ஓடும். போர்க்கூச்சல் காதைப் பிளக்கும். போரஸும் சத்தம் வந்த பக்கமெல்லாம் யானைகளை ஓட்டிக்கொண்டு போனார். எவரும் கடக்கவில்லை. மறுநாளும் அதே கூத்து. போதாக்குறைக்குத் தானியம் வேறு அலெக்சாந்தரின் பாசறையில் வந்து குவிந்தது, வெள்ளம் வடியும்வரை இங்கேதான் இருக்கப்போகிறோம் என்று காட்ட. ஒரு கட்டத்தில் போரஸ் சலித்துப்போய் ஓடுவதை நிறுத்திவிட்டார். அலெக்சாந்தர் காத்திருந்தது அந்தச் சலிப்புக்குத்தான்.

இடியும் மழையுமாக ஓர் இரவு. காடு மண்டிய தீவின் மறைப்பில் 6,000 காலாளும் 5,000 குதிரையும் கடந்தன. படகுகள் சிந்து நதியில் இருந்தவை. சிறியதை இரண்டாகவும் பெரியதை மூன்றாகவும் அறுத்து, வண்டியில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து பொருத்தியிருந்தார்கள். அந்த வேலையைச் செய்தவர் கோய்னஸ் என்ற தளபதி. பெயரை நினைவில் வையுங்கள். பழைய பாசறையில் கிராட்டெரஸ் தலைமையில் ஒரு படை அப்படியே நின்றது. போரஸ் யானைகளை எல்லாம் அழைத்துக்கொண்டு நகர்ந்தால் உடனே கடக்க வேண்டும், இல்லையென்றால் அசையக் கூடாது என்பது அவருக்கு உத்தரவு.

இவ்வளவு திட்டமிட்டவர்களும் சொதப்பினார்கள். கரை என்று நினைத்து இறங்கிய இடம் இன்னொரு தீவு! மிச்ச வாய்க்காலை மார்பளவு தண்ணீரில் நடந்து கடக்க வேண்டியதாயிற்று. கையும் காலும் ஊன்ற முடியாத ரெய்டரை அமுக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் கரையில் ஆள் இல்லை. காவல் ஆட்கள் போரஸிடம் செய்தி சொல்லக் குதிரையில் பறந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்து வந்ததுதான் ஆட்டத்தின் பெரிய பிழை. 2,000 குதிரை, 120 தேருடன் மகனை அனுப்பினார் போரஸ். கபடியில் இதற்கு அட்வான்ஸ் டேக்கிள் என்று பெயர்; சங்கிலி சேருமுன் ஒருவர் மட்டும் பாய்வது. வேவு பார்க்க அந்தப் படை அதிகம், தடுக்கவோ போதாது. தேர்கள் சேற்றில் சிக்கின. 400 குதிரை வீரர்களோடு மகனும் மாண்டார்.

முக்கியச் சண்டைக்குப் போரஸ் மணற்பாங்கான கெட்டித் தரையைத் தேர்ந்தது சரியான முடிவு. முன்னே யானைகள், பின்னே காலாள், இரு பக்கமும் குதிரை. அலெக்சாந்தர் நடுவைத் தொடவே இல்லை, போரஸின் இடப்பக்கக் குதிரைகள்மேல் விழுந்தார். வலப்பக்கத்தார் உதவிக்கு ஓடியபோது அவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றவர் கோய்னஸ். (ஒரே ரெய்டில் இரண்டு ரெய்டர்! கபடியில் ஃபவுல்.) முன்னும் பின்னும் அடிவாங்கிய குதிரைகள் யானைகளிடம் ஒண்ட, பாகன்கள் அம்பில் விழ, இடமில்லாமல் நெருக்குண்ட யானைகள் தன்னவர், அடுத்தவர் பார்க்காமல் மிதித்தன. யானை தோற்றது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். அதற்குள் ஆட்டம் கைமாறியிருந்தது.

முன்பு அலெக்சாந்தரிடம் தோற்ற பாரசீக மன்னர் தாரியஸ் இரண்டு முறை களத்தைவிட்டு ஓடியவர். போரஸ் தோளில் காயத்தோடு கடைசிவரை யானைமேல் நின்றார். தோற்றவருக்கு நாடு திரும்பக் கிடைத்தது, கூடுதல் நிலத்தோடு.

ஸ்கோர்கார்டை நான் முழுதாக நம்பமாட்டேன். அர்ரியன் கணக்கில் போரஸ் பக்கம் 23,000 பேர் மாண்டார்கள், எதிர்ப்பக்கம் 310 பேர். இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் கணக்கில் 12,000-க்கு மேல், எதிர்ப்பக்கம் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு ஸ்கோரரும் ஒரே அணியின் ஆட்கள்.

என் ஆட்ட நாயகன் கோய்னஸ். சில மாதங்கள் கழித்துப் பியாஸ் கரையில், இதற்குமேல் ஓர் ஆற்றையும் கடக்க மாட்டோம் என்று படை முரண்டுபிடித்தபோது, அலெக்சாந்தர் முன்னால் எழுந்து வீரர்களுக்காகப் பேசியவரும் அவர்தான்.