கூடாரம் பெயர்ந்த பிறகு

கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் 1841-இல் நான்காம் இடம் பெற்ற தாமஸ் ராக்லண்ட், 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இறந்தார். அப்போது அங்கே பட்டாசும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை, கரிசலும் வெயிலும்தான். சர்ச் மிஷனெரி சங்கத்தின் (சி.எம்.எஸ்.) ஊழியராக 1854-இல் அவர் தொடங்கிய வட திருநெல்வேலி சுற்று ஊழியம், இன்றும் எடைபோட்டுப் பார்க்கத் தக்கது.

முறை எளிது. கூடாரம் அடிப்பார்கள், சுற்றுப்பட்டு ஊர்களில் சுவிசேஷம் சொல்வார்கள், பெயர்த்துக்கொண்டு அடுத்த இடம் போவார்கள். விதைப்பது நாம், விளையச் செய்வது தேவன் என்பதே அதன் அடிப்படை. தெற்குத் திருநெல்வேலியில் முந்தைய மிஷனெரி ரேனியஸ் காலத்திலிருந்து வளர்ந்த வழி வேறு: சபை, பள்ளி, கிறிஸ்தவக் குடியிருப்பு என ஓரிடத்தில் வேரூன்றுவது.

ராக்லண்டின் முறையில் இரண்டு பலங்கள். ஒன்று, தலை எண்ணும் அவசரம் அதில் இல்லை. பள்ளியையோ பாதுகாப்பையோ காட்டி யாரையும் இழுக்க வேண்டியதில்லை. மற்றொன்று, தென்பகுதிச் சபைகளின் தமிழ் உபதேசிமார் முறைவைத்து வந்து கூடவே அலைந்தார்கள். கேட்டவர்களிடம் என்ன வளர்ந்தது என்பதைவிட, சொன்னவர்களிடம் வளர்ந்தது தெளிவாகத் தெரிகிறது. 1903-இல் திருநெல்வேலித் தமிழர்கள் தாங்களே இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். அந்தத் துணிவுக்கு இந்தக் கூடாரங்களும் ஒரு பயிற்சிக்களம் என்பது என் கணிப்பு.

குறையும் அந்தக் கூடாரம் பெயர்வதில்தான். கேள்வியோடு நின்ற ஒருவன் மறுநாள் வந்து பார்த்தால், கூடாரம் இருந்த இடத்தில் முளையடித்த குழிகள்தான். சாதிசனம் ஒதுக்கினால் அவனுக்கு யார் துணை? தேவன் வளர்ப்பார் என்ற நம்பிக்கை, உடன் நிற்காததற்குச் சாக்காகவும் ஆகிவிடக்கூடும்.

இந்தக் குறைக்கு இன்று வேறு உருவம். பட்டாசு ஆபீஸில் விபத்து நடந்த வீட்டுக்கு ஊழியக்காரர் போகிறார். ஜெபித்து, "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லித் திரும்புகிறார். அந்த ஜெபம் பொய்யல்ல. ஆனால் நிவாரண மனு எழுதவும், தீக்காயத்துக்கு மருத்துவமனை வாசலில் காத்திருக்கவும் மறுவாரம் யார் வருகிறார் என்பதில்தான் அந்த வீடு அவர் விசுவாசத்தை அளக்கும்.

கரிசல் சம்சாரிக்கு இது புதிதல்ல. மானாவாரியில் விதைத்துவிட்டு அவன் மழைக்கு வானத்தைத்தான் பார்க்கிறான். ஆனால் களை முளைத்தால் வானத்தைப் பார்ப்பதில்லை, குனிகிறான். ராக்லண்டின் கூடாரம் முதல் பாடத்தை நன்றாகவே கற்றுத் தந்தது.