களஞ்சியத்தை வினவும் கருவி: ஒரு மதிப்பீடு

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் இன்று எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிப் பொதுவில் வைத்துள்ள நிரல்களை எடுத்து இணைத்துக்கொள்கின்றனர். இத்தகைய நிரல்கள் சேர்ந்திருக்கும் இடத்தை மென்பொருட் களஞ்சியம் எனலாம். ரஸ்ட் என்னும் நிரல்மொழிக்கு உரிய களஞ்சியம் கிரேட்ஸ்.ஐஓ ஆகும். 2014-இல் தொடங்கிய இதில் இப்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன.

நாம் திரையில் பார்த்து அறிவதை ஒரு நிரலும் இணையத்தின் வழியே கேட்டு அறியலாம். இப்பொதியின் பதிப்புகள் எவை, அது எவற்றைச் சார்ந்துள்ளது, எத்தனை முறை இறக்கப்பட்டது என வினவினால், விடை ஜேசன் என்னும் எழுத்து வடிவில் வரும். வினவுவதற்கான இவ்வாயிலுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். அவ்வாயிலுக்குச் சென்று நமக்காகக் கேட்டு வரும் தூதுவனைப் போன்றது, கிரேட்ஸ்_ஐஓ_ஏபிஐ என்ற நிரல் தொகுப்பு. அதன் நிறைகுறைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தூதுவனின் பணி

இத்தொகுப்பு இல்லாமலும் வினவ முடியும். ஆனால் வினாவுக்குரிய முகவரியைப் பிழையின்றி அமைக்க வேண்டும். வந்த விடையைப் பிரித்து, எண் எது, தேதி எது என அறிய வேண்டும். கேட்ட பொதியே இல்லையென்றால் என்ன செய்வது என்றும் முடிவு செய்ய வேண்டும். இவ்வேலைகளைத் தொகுப்பு ஏற்றுக்கொள்கிறது. விடை, வகை குறிக்கப்பட்ட தனித்தனிப் பகுதிகளாக நம் கைக்கு வருகிறது. 'பொதி இல்லை' என்பதும் 'அனுமதி இல்லை' என்பதும் வெவ்வேறு பிழைகளாகவே தெரிவிக்கப்படுகின்றன. விடை வரும்வரை காத்திருக்கும் முறை, இடையில் வேறு வேலை பார்க்கும் முறை ஆகிய இரண்டுக்கும் வழி உண்டு.

நொடிக்கு ஒரு வினா

இதன் தலையாய சிறப்பு வேறொன்றாகும். தூதுவனை உருவாக்கும்போதே இரண்டு செய்திகளை நாம் தந்தாக வேண்டும். ஒன்று, கேட்பவர் யார் என்னும் அடையாளம். மற்றொன்று, இரு வினாக்களுக்கு இடையே விட வேண்டிய கால இடைவெளி. நொடிக்கு ஒரு வினாவுக்கு மேல் கேட்கலாகாது, கேட்கும் நிரல் தன்னை அடையாளம் காட்ட வேண்டும் என்பன களஞ்சியத்தார் வகுத்த விதிகள். அவ்விதிகளை நினைவூட்டும் முறையிலேயே கருவி அமைந்துள்ளது.

இது வெறும் மரியாதைதானே என நீங்கள் எண்ணலாம். அம்மீட்டரின் மின்தடை ஏன் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். தடை மிகுந்தால், அளக்க வந்த மின்னோட்டத்தையே கருவி குறைத்துவிடும். வினவும் கருவியும் அப்படித்தான். அளவுமீறிக் கேட்டால் களஞ்சியமே தளர்ந்துவிடும். பைதான் மொழியின் களஞ்சியமான பைபிஐ, எக்ஸ்.எம்.எல்.-ஆர்.பி.சி. என்ற வாயிலின் வழியே தேடும் வசதியை 2020 டிசம்பரில் நிறுத்தியது. தாங்க முடியாத அளவுக்கு வினாக்கள் குவிந்ததே காரணம். 'பிப் சர்ச்' என்ற கட்டளை அதனால் பயனற்றுப் போயிற்று. ஒழுங்காகக் கேட்டவர்களும் வசதியை இழந்தனர். பொதுக் கிணற்றைச் சிலர் இறைத்து வற்றச் செய்தால், ஊரே தாகத்தில் தவிக்க வேண்டியதுதான்.

குறைகள்

முதலாவதாக, இடைவெளி எவ்வளவு என்பது நம் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளது. விதி ஒரு நொடி என்றிருக்க, அதைவிடக் குறைவாகத் தருவதை இக்கருவி தடுப்பதில்லை. மேலும், தனித்தனியே உருவாக்கிய இரு தூதுவர்கள் ஒருவரையொருவர் அறியார். பத்துக் கணிப்பொறிகளில் ஒரே நிரலை ஓட்டினால், நொடிக்குப் பத்து வினாக்கள் சென்றுவிடும்.

இரண்டாவதாக, ஒரு பொதியின் முழு விவரத்தையும் தரும் கட்டளை பார்வைக்கு ஒன்றுதான். உள்ளே பல வினாக்கள் அடங்கியுள்ளன. எல்லாப் பதிப்புகளின் விவரமும் வேண்டுமெனில், ஒவ்வொரு பதிப்புக்கும் தனியே வினவ வேண்டியிருக்கிறது. நூறு பதிப்புகள் கொண்ட பொதிக்கு நூறு நொடிக்குக் குறையாமல் ஆகும். இதை அறியாத மாணவர், நிரல் நின்றுவிட்டது என்றே முடிவு கட்டுவார்.

மூன்றாவதாக, ஒருமுறை பெற்ற விடையை இத்தூதுவன் நினைவில் வைப்பதில்லை. அதே வினாவுக்கு மீண்டும் களஞ்சியத்துக்கே நடக்கிறான். விடைகளைச் சேமித்து வைக்கும் பொறுப்பு நம்முடையது.

எண்ணும் பொருளும்

கருவி சரியான எண்ணைத் தந்தாலும், அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை நாம்தான் சிந்திக்க வேண்டும். பத்தாயிரம் முறை இறக்கப்பட்ட பொதிக்குப் பத்தாயிரம் பயனாளர்கள் இருப்பதாகக் கொள்ளலாகாது. ஒரு நிரலைத் தானியங்கி முறையில் மீண்டும் மீண்டும் கட்டிச் சோதிக்கும் கணிப்பொறிகள், ஒரே பொதியைப் பலமுறை இறக்கக்கூடும். வேறொரு பொதி சார்ந்திருப்பதால் மட்டுமே இறக்கப்படும் பொதிகளும் உண்டு.

எப்போது பயன்படுத்தலாம்?

சில பொதிகளைப் பற்றி அறிய விரும்புவோர் இத்தொகுப்பைத் தயங்காமல் பயன்படுத்தலாம். களஞ்சியம் முழுவதையும் ஆராய விரும்புவோருக்கு இது ஏற்றதன்று. ஒரு லட்சம் பொதிகளுக்கு நொடிக்கு ஒரு வினா வீதம் கேட்டாலே ஏறத்தாழ 28 மணி நேரம் ஆகும். களஞ்சியத்தார் தம் தரவுத்தளத்தின் நகலை நாள்தோறும் ஒரே கோப்பாக வெளியிடுகின்றனர். அதை ஒருமுறை இறக்கிக்கொண்டால், விரும்பிய அளவு உங்கள் கணிப்பொறியிலேயே தேடலாம்; பிறருக்கும் இடையூறு இராது. எந்தக் கருவியையும் கையில் எடுக்குமுன், அது எதை அளக்கிறது, அளக்கப்படும் பொருள்மீது எவ்வளவு சுமையை ஏற்றுகிறது என்ற இரு கேள்விகளையும் கேட்டுப் பழகுங்கள். ஆய்வகத்தில் வேண்டிய அப்பழக்கம் இணையத்திலும் வேண்டும்.