வரிவிலக்கும் பிரசங்க மேடையும்

வழிபாட்டிடத்தின் மேடையில் நின்று ஆட்சியாளரின் நீதி அநீதிகளைப் பேசலாமா என்னும் வினா மிகப் பழமையானது. அரசிடம் வரிவிலக்குப் பெற்ற வழிபாட்டிடத்தின் மேடையில் நின்று ஒரு வேட்பாளருக்கு வாக்குக் கேட்கலாமா என்னும் வினா அதனின்றும் வேறானது. ஐக்கிய அமெரிக்காவில் இவ்விரண்டாம் வினா எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கில் இருந்து வருகிறது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இவ்விவாதத்தின் பெருங்குழப்பம். அவற்றைப் பிரித்து நோக்கினால், அந்நாட்டின் உள்நாட்டு வருவாய்த் துறை 2025 ஜூலையில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில் மேற்கொண்ட நிலைப்பாட்டின் குறை தெளிவாகும்.

சட்டம் பிறந்த விதம்

அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவு, சமய, கல்வி, அறப்பணி நிறுவனங்களுக்கு வரிவிலக்கு அளிக்கிறது. 1954 ஜூலை 2 அன்று டெக்சாஸ் செனட்டர் லிண்டன் ஜான்சன் இப்பிரிவுக்கு ஒரு திருத்தம் கொணர்ந்தார். விலக்குப் பெற்ற நிறுவனம் எந்த வேட்பாளரின் தேர்தல் பரப்புரையிலும் பங்குகொள்ளவோ தலையிடவோ கூடாது என்பது அதன் சாரம். அவ்வாண்டில் வரிவிலக்குப் பெற்ற சில அமைப்புகள் ஜான்சனுக்கு எதிராக இயங்கின. அவற்றை அடக்குவதே அவர் நோக்கம் என்பர் ஆய்வாளர். தேவாலயங்கள் அன்று பேச்சிலேயே இல்லை. விவாதமின்றி ஏற்கப்பட்ட திருத்தம், ஆகஸ்ட் 16 அன்று அதிபர் ஐசனோவரின் கையொப்பத்தால் சட்டமாயிற்று. வேட்பாளரை எதிர்ப்பதும் தடைக்குள் அடங்கும் என்பது 1987-இல் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது.

தன்னலத்தில் பிறந்த சட்டம் தகுதியற்றது என வாதிடுவோர் உளர். ஒரு சட்டத்தைக் கொணர்ந்தவரின் உள்நோக்கம் வேறு, அச்சட்டம் காக்கும் நலன் வேறு. பின்னதைக் கொண்டே அதனை எடைபோட வேண்டும்.

இச்சட்டம் தடுக்காதவை எவை என்பதையும் கருத வேண்டும். போர், வறுமை, கருக்கலைப்பு, நிறவெறி ஆகிய எதனைப் பற்றியும் போதகர் பேசலாம். சட்டம் இயற்றுவோரிடம் முறையிடவும் ஓர் அளவுக்கு இடமுண்டு. 1955-56இல் மான்ட்கோமரி நகரப் பேருந்துப் புறக்கணிப்பு கறுப்பின மக்களின் தேவாலயங்களிலிருந்தே நடத்தப்பட்டது. மார்ட்டின் லூதர் கிங் முதலியோர் 1957-இல் தெற்கத்திய கிறிஸ்தவத் தலைமை மாநாட்டை அமைத்தனர். ஜான்சன் திருத்தம் நடப்பிலிருந்த காலத்திலேயே இவை நிகழ்ந்தன. ஆகவே இச்சட்டம் சமயத்தின் வாயைக் கட்டிவிட்டது என்னும் கூற்று வரலாற்றோடு பொருந்தவில்லை.

விலக்கு உரிமையா, உதவியா?

அரசு தரும் விலக்கு சலுகையாயின் அதற்கு நிபந்தனை விதிக்கலாம். இயல்பான உரிமையாயின் நிபந்தனை தவறு. இவ்விடத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இரு வகையாகப் பேசியிருக்கிறது. 1970-இல் வால்ஸ் வழக்கில், தேவாலயச் சொத்துக்கு வரி விதியாமை அரசு பணம் கொடுப்பதாகாது, கேட்காமல் ஒதுங்கி நிற்பதே என்றது. 1983-இல் ரீகன் வழக்கிலோ, வரிவிலக்கும் நன்கொடைக் கழிவும் ஒருவகை மானியமே என்றது. ஒரு சாரார் முன்னதையும் மறு சாரார் பின்னதையும் எடுத்துக்காட்டுவர்.

நம் நோக்கில், இரண்டு வேறு பொருள்கள் இங்கு ஒரே பெயரால் சுட்டப்படுகின்றன. தேவாலயத்தின் சொந்தச் சொத்துக்கு வரி கேளாமை ஒன்று. அதற்குக் காணிக்கை கொடுப்பவரின் வரியைக் குறைப்பது மற்றொன்று. 24 விழுக்காட்டு வரி விகிதத்தில் உள்ள ஒருவர், தம் கழிவுகளை விவரித்துக் கணக்குக் காட்டி 1,000 டாலர் காணிக்கை அளித்தால், அவருக்கு 240 டாலர் வரை வரி மிச்சமாகலாம். அந்த மிச்சத்தின் சுமையை நாட்டு மக்கள் அனைவரும் ஏற்கின்றனர். அவர்களுள் அத்தேவாலயத்தின் சமயத்தைச் சாராதவரும் அதன் வேட்பாளரை வெறுப்பவரும் அடங்குவர்.

அதே மனிதர் ஓர் அரசியல் கட்சிக்கு 1,000 டாலர் கொடுத்தால் ஒரு டாலரும் கழியாது. தேவாலயம் பரப்புரையில் இறங்க இசைந்தால், கட்சிக்குப் போகும் பணம் காணிக்கைப் பெட்டி வழியாகப் போகத் தொடங்கும். பிற அறநிறுவனங்கள் அரசுக்கு அளிக்க வேண்டிய ஆண்டறிக்கையைத் தேவாலயங்கள் அளிக்க வேண்டியதில்லை என்பதால், அப்பணத்தின் வழித்தடமும் புலப்படாது.

இரு வழக்குகள்

நியூயார்க் மாநிலம் பிங்காம்டனிலுள்ள பியர்ஸ் கிரீக் தேவாலயம், 1992 தேர்தலுக்கு நான்கு நாள் முன்னர், பில் கிளின்டனுக்கு வாக்களிப்பது பாவம் என்னும் கருத்தில் இரு நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் செய்தது. அச்செலவுக்கு வரிக்கழிவுள்ள நன்கொடையும் அதிலேயே கோரியது. 1995-இல் அதன் விலக்கு நீக்கப்பட்டது. 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. தேவாலயம் தனி அமைப்பு ஒன்றை நிறுவி, வரிக்கழிவற்ற பணத்தால் அரசியல் பேசும் வழி திறந்தே இருக்கிறது என்றும் நீதிமன்றம் சுட்டியது.

2004 தேர்தலுக்கு இரு நாள் முன்னர், கலிபோர்னியாவின் பசடீனா நகர் ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தில் அதன் முன்னாள் தலைமைப் போதகர், புஷ், கெர்ரி ஆகிய இருவருடனும் இயேசு விவாதிப்பதாகக் கற்பனை செய்து ஈராக் போரைக் கண்டித்தார். யாருக்கு வாக்களிக்க வேண்டும் எனச் சொல்லப்போவதில்லை என்றும் கூறினார். அத்தேவாலயம் விசாரணைக்குள்ளாயிற்று. 2007-இல் தண்டனையின்றி விசாரணை முடிந்தது. அதற்கு மறு ஆண்டு, 2008-இல், 33 போதகர்கள் ஒரே ஞாயிறன்று சட்டத்தை வேண்டுமென்றே மீறி வேட்பாளர்களைப் பற்றிப் பிரசங்கித்தனர். அவர்களின் சபைகள் விலக்கை இழக்கவில்லை.

சட்டத்தின் மெய்யான குறை இதுவே. வெளிப்படையாக மீறியோர் தப்பினர்; போரைக் கண்டித்தவர் ஈராண்டு அலைந்தார். செயற்படாத சட்டம் ஆட்சியிலிருப்போர் கையில் அச்சுறுத்தும் கருவியாகக் கிடக்கும். பெரிய சபை வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளும். இதே 501(சி)(3) பிரிவின்கீழ் இயங்கும் சிறு பள்ளிவாசலின் இமாமோ, 2001-க்குப் பின் கண்காணிப்பில் பழகியவராதலின், அனுமதிக்கப்பட்டதையும் பேச அஞ்சுவார். தெளிவற்ற எல்லைக்கோட்டின் சுமை எளியோர் மீதே விழுகிறது.

குடும்ப உரையாடல் என்னும் உவமை

சமய ஒலிபரப்பாளர் அமைப்பு ஒன்றும் டெக்சாஸ் தேவாலயங்கள் சிலவும் 2024-இல் தொடுத்த வழக்கில், வருவாய்த் துறை 2025 ஜூலை 7 அன்று அவர்களோடு சேர்ந்து ஓர் இணக்க மனு அளித்தது. வழிபாட்டின்போது, வழக்கமான தொடர்பு வழிகளில், சமய நோக்கில் ஒரு தேவாலயம் தன் சபையாரிடம் வேட்பாளரைப் பற்றிப் பேசினால் அது தலையீடு ஆகாது. அது ஒரு குடும்பத்தினர் தமக்குள் பேசிக்கொள்வதைப் போன்றது என்பது அம்மனுவின் கருத்து. வழக்கின் முடிவு எதுவாயினும் இவ்வாதம் தனியே ஆராயத்தக்கது.

முதலாவதாக, உவமை பொருந்தவில்லை. ஹூஸ்டன் நகர் லேக்வுட் தேவாலயம் 2005 முதல் ஏறத்தாழ 16,000 பேர் அமரும் முன்னாள் கூடைப்பந்து அரங்கில் கூடுகிறது. அதையொத்த பெருஞ்சபைகளின் பிரசங்கம் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் உலகெங்கும் செல்கிறது. அங்கெல்லாம் 'வழக்கமான தொடர்பு வழி' என்பது ஒளிபரப்பே. குடும்பத்தில் மறுமொழி கூற மகனுக்கும் மகளுக்கும் இடமுண்டு. பிரசங்கத்தில் சபையார் கேட்க மட்டுமே செய்வர்.

இரண்டாவதாக, சமயம் சாரா அமைப்புகள் சில வேட்பாளரை ஆதரித்தும் தண்டனைக்கு உள்ளாகவில்லை, எங்களுக்கு மட்டும் தடையா என்பது வாதிகளின் முறையீடு. தீர்வோ வழிபாட்டிடங்களுக்கு மட்டும் வாயிலைத் திறக்கிறது. அநாதை இல்லத்துக்கும் அறமருத்துவமனைக்கும் தடை நீடிக்கும். சமமின்மையைக் காட்டி வழக்காடியோர் புதியதொரு சமமின்மையைப் பரிசாகப் பெறுவது விந்தையே.

மேடையின் மானம்

இதுவரை கூறியவை அரசின் பக்கத்து நியாயங்கள். மேடையின் பக்கத்து நியாயம் இதனினும் வலியது. ஜும்ஆ குத்பாவில் ஆட்சியாளரின் பெயர் கூறப்படுவது இஸ்லாமிய வரலாற்றில் நெடுங்காலம் ஆட்சியுரிமையின் அடையாளமாக விளங்கியது. பெயர் மாறினால் ஆட்சி மாறிற்று எனப் பொருள். மிம்பரைத் தம் வயப்படுத்த மன்னர்கள் முனைந்தமைக்கு இதுவே காரணம். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) கலீஃபாவின் கொடைகளை ஏற்கத் தயங்கியதும், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் சுல்தான்களின் அன்பளிப்பு குறித்து விரிவாக எச்சரித்ததும் கல்விமான் நாவின் சுதந்திரத்தைக் காப்பதற்கே.

அமெரிக்கப் போதகருக்கும் இவ்வாபத்து உண்டு. இன்று ஒரு வேட்பாளரோ பெருங்கொடையாளரோ அவரை நெருங்கி ஆதரவு கேட்டால், 'சட்டம் இடந்தரவில்லை' என்று கூறி அவர் விலகலாம். தடை நீங்கினால் மறுப்பே ஒரு நிலைப்பாடாகக் கொள்ளப்படும். இரு கட்சியினரும் அருகருகே அமர்ந்து தொழும் சபையில் பாதிப்பேர் தம் போதகரை எதிர்க்கட்சிக்காரராகக் காண்பர். தான் வாக்குக் கேட்டு அமர்த்திய ஆட்சியாளர் அநீதி இழைக்கும் நாளில், அம்மேடை எந்த நாவால் கண்டிக்கும்?

ஆதலின் தடை நீடிப்பதே நன்று. அதன் எல்லை திருத்தப்பட வேண்டும். மேடையிலிருந்து பெயர் சுட்டி ஆதரிப்பதும் எதிர்ப்பதுமே குற்றமாகட்டும். நீதி குறித்த பேச்சு எத்துணைக் கடுமையாயினும் விசாரணைக்குரியதாகாதிருக்கட்டும். போதகரும் இமாமும் தனிமனிதராகத் தம் விருப்பத்தை வெளியிடட்டும். மீறுவோருக்கு விலக்கைப் பறிக்கும் முன், சட்டத்தில் ஏற்கெனவே உள்ள, அரசியல் செலவில் 10 விழுக்காட்டுத் தீர்வை விதிக்கப்படட்டும். அது தேவாலயம், யூத ஆலயம், பள்ளிவாசல், சமயம் சாரா அமைப்பு என்னும் வேறுபாடின்றி விதிக்கப்படட்டும். கட்சிக்காகப் பேசியே தீர வேண்டும் எனக் கருதும் சபை, வரிக்கழிவைத் துறந்து தனி அமைப்பின் வழியே பேசலாம். தன் சொல்லுக்குத் தானே விலை கொடுக்க முன்வருவது அதன் நேர்மைக்கும் சான்றாகும்.